பெட்ரோல் பிரஷர் வாஷர் வாங்குமுன்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மாட்டுக் கொட்டகை, டிராக்டர், டிரெய்லர், கலப்பை, வீட்டு முற்றம், மொட்டைமாடி ஆகியவற்றைக் கழுவிச் சுத்தம் செய்யப் பெட்ரோல் எஞ்சினால் இயங்கும் பிரஷர் வாஷர் இன்று கிராமப்புறக் கடைகளிலும் கிடைக்கிறது. முன்பெல்லாம் நகரத்து வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் மட்டும் காணப்பட்ட இக்கருவி, இப்போது தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. இதை வாங்க விரும்புவோர் கடைக்காரரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்?" என்பதாகும். அடுத்த கேள்வி, "விலை என்ன?" என்பதாகும். இவ்விரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்னால் நம் வீட்டிலேயே விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. நாம் அகற்ற வேண்டிய அழுக்கு எத்தகையது? நம்மிடம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது? இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கும் கருவி, ஒரு கறவை மாட்டுக்கு முன்பணமாகக் கொடுக்கக்கூடிய தொகையை விழுங்கிவிட்டுக் கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும்.

இக்கருவி உங்களுக்குத் தேவைதானா?

இரண்டு மூன்று மாடுகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இக்கருவி தேவையில்லை. சாணத்தை வழித்தெடுத்துவிட்டு, ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் பம்பில் ஹோஸ் பைப்பை மாட்டிக் கழுவினால் போதும். கொஞ்சம் பாசி பிடித்த இடத்துக்குத் தென்னந்துடைப்பமும் பிளீச்சிங் பவுடருமே போதுமானவை.

மரப்பயிர்களுக்கு மருந்தடிக்க ஏற்கெனவே பெட்ரோல் எஞ்சினுடன் கூடிய எச்.டி.பி. பம்பு வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். அந்தப் பம்பு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை அழுத்தம் தரும். சேற்றையும் சாணத்தையும் கழுவ இதுவே தாராளம். ஆனால் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த பம்பைத் தொட்டி, ஹோஸ், கன் ஆகிய எல்லாவற்றிலும் பலமுறை சுத்தமான தண்ணீர் ஓட்டி அலசிய பிறகே கழுவும் வேலைக்கு எடுக்க வேண்டும். பால் கேன்களையும் தீவனத் தொட்டியையும் அதனால் ஒருபோதும் கழுவக் கூடாது.

டிராக்டர், பவர் டில்லர் முதலியவற்றை அடிக்கடி கழுவ வேண்டியவர்கள், பத்துப் பன்னிரண்டு மாடுகளுடன் சிமெண்டுத் தளக் கொட்டகை வைத்திருப்பவர்கள், கோழிப் பண்ணையில் தொகுதிக்குத் தொகுதி கூண்டுகளைக் கழுவ வேண்டியவர்கள் ஆகியோருக்கு இக்கருவி பயன் தரும். சிறு விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்தோ, உழவர் குழுவின் மூலமோ ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவது சிக்கனமாகும்.

அழுத்தம் வேறு, நீரளவு வேறு

பிரஷர் வாஷர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அழுத்தத்தால் அழுக்கைப் பெயர்க்கிறது. பெயர்ந்த அழுக்கைத் தண்ணீரின் அளவால் அடித்துச் செல்கிறது. காய்ந்த கிரீஸ், தளத்தில் ஊறிய பாசி, ஒட்டிக்கொண்ட பழைய பெயிண்ட் ஆகியவற்றைப் பெயர்க்க அழுத்தம் வேண்டும். சேறு, சாணம், வைக்கோல் துணுக்கு ஆகியவற்றைத் தள்ள நீரளவு வேண்டும். அழுத்தம் மிகுந்து நீரளவு குறைந்த கருவியால் கொட்டகையைக் கழுவினால், சாணம் நான்கு பக்கமும் சிதறிச் சுவரில் ஒட்டுமே தவிர வாய்க்காலுக்குப் போகாது.

கடைகளில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் வகை எச்.டி.பி. பம்பு. அழுத்தம் 20 முதல் 40 கிலோ. நீரளவு பம்பின் அளவைப் பொறுத்து நிமிடத்துக்குச் சுமார் 20 முதல் 35 லிட்டர். சேறு, சாணம் கழுவ ஏற்றது.

இரண்டாவது வகை வீட்டு உபயோகப் பெட்ரோல் பிரஷர் வாஷர். அழுத்தம் சுமார் 140 முதல் 200 கிலோ. நீரளவு நிமிடத்துக்கு 7 முதல் 10 லிட்டர். வாகனம், கருவிகள், முற்றம், மொட்டைமாடி ஆகியவற்றுக்கு ஏற்றது.

மூன்றாவது வகை 9 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுடன் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம் தரும் பெரிய கருவி. இது தொழில்முறையில் கழுவுவோருக்கு உரியது. வீட்டுக்கு இதனை வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்துமாகும்.

கருவியின் தகட்டில் அழுத்தம் சில சமயம் 'பார்' என்றும், சில சமயம் 'பி.எஸ்.ஐ.' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவே. பி.எஸ்.ஐ. எண்ணை 14 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 2,100 பி.எஸ்.ஐ. என்றால் 150 கிலோ ஆகும். எண் பெரிதாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம்.

450 கணக்கு

கடைக்காரர் சொல்லும் அளவுகள் உண்மையா என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. அழுத்தத்தைக் கிலோவிலும், நீரளவை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துக்கொண்டு இரண்டையும் பெருக்குங்கள். வந்த தொகையை 450 ஆல் வகுங்கள். தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய குதிரைத்திறன் கிடைக்கும். பம்பிலும் எஞ்சினிலும் ஏற்படும் இழப்புக்காக அதைப்போல் ஒன்றரை மடங்கு எஞ்சின் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 150 கிலோ அழுத்தமும் 8 லிட்டர் நீரும் தரும் கருவியைக் கொள்வோம். 150ஐ 8ஆல் பெருக்கினால் 1,200. அதை 450ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.7 குதிரைத்திறன். அதில் ஒன்றரை மடங்கு 4 குதிரைத்திறன். ஆகவே 4 முதல் 5 குதிரைத்திறன் எஞ்சின் இதற்குப் பொருத்தமானது.

இப்போது மற்றொரு கருவியைப் பார்ப்போம். "எஞ்சின் 6 குதிரைத்திறன், அழுத்தம் 250 கிலோ, தண்ணீர் 15 லிட்டர்" என்று ஒருவர் சொல்கிறார். 250ஐ 15ஆல் பெருக்கி 450ஆல் வகுத்தால் 8.3 வருகிறது. எஞ்சினின் திறனே 6 தான். இருப்பதற்கு மேல் எங்கிருந்து வரும்? அந்த அழுத்தம் நீரளவு மிகக் குறைந்த நிலையிலும், அந்த நீரளவு அழுத்தமே இல்லாத நிலையிலும் எடுக்கப்பட்ட உச்ச அளவுகளாகவே இருக்க வேண்டும். "தொடர்ந்து வேலை செய்யும்போது இரண்டும் சேர்ந்து எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த அளவைக் கொண்டே விலையை ஒப்பிடுங்கள்.

உங்கள் தண்ணீர் போதுமா?

இக்கருவி தண்ணீரைத் தானாக உண்டாக்குவதில்லை. எட்டு லிட்டர் பீய்ச்ச வேண்டுமானால் எட்டு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வர வேண்டும். குறைந்தால் பம்பு காற்றை இழுத்து அதிரும். சீல்களும் வால்வுகளும் சீக்கிரம் கெடும். கருவி பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்வோர் பலர் பார்க்கத் தவறுவது இந்தத் தண்ணீர்க் குறையைத்தான்.

வாங்கும் முன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கருவியை மாட்டப்போகும் அதே குழாயில், அதே ஹோஸின் நுனியில், 15 லிட்டர் வாளியை வைத்து நிரப்புங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் 15 லிட்டர் வருகிறது; கவலையில்லை. மூன்று நிமிடம் பிடித்தால் 5 லிட்டர்தான் வருகிறது. 8 லிட்டர் கருவிக்கு அது போதாது.

வீட்டின் மேல் உள்ள தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு விசை மிகக் குறைவு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தமே கிடைக்கும். ஒரு மாடி உயரத் தொட்டியானால் அரைக் கிலோகூடத் தேறாது. குழாயில் தண்ணீர் குறைவாக வரும் இடங்களில் 200 லிட்டர் டிரம் ஒன்றை மேடையில் வைத்து, அடியில் ஒரு அங்குலக் குழாய் பொருத்தி, அதிலிருந்து கருவிக்குக் கொடுக்கலாம். நிமிடத்துக்கு 5 லிட்டர் டிரம்மில் விழுந்து 8 லிட்டர் வெளியேறினால், குறைவது 3 லிட்டர்தான். நிறைந்த டிரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் நேரடியாகத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் திறன் எல்லாக் கருவிகளுக்கும் இல்லை. எச்.டி.பி. பம்பு உறிஞ்சி எடுக்கும். வீட்டு உபயோக பிரஷர் வாஷர்களில் சில, குழாய் அழுத்தத்துடன் வரும் தண்ணீரையே எதிர்பார்ப்பவை. ஆகவே தொட்டித் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் மணல் வந்தால் நாசில் துளை தேய்ந்து பெரிதாகி அழுத்தம் இறங்கிவிடும். எனவே உள்ளே வரும் வழியில் வடிகட்டி இல்லாமல் கருவியை ஓட்டக் கூடாது.

பெட்ரோலா, மின்சாரமா?

கழுவும் இடத்துக்கு அருகில் நல்ல வோல்டேஜுடன் எர்த் இணைப்புள்ள பிளக் இருந்தால், வீட்டு வேலைக்கு மின்சாரக் கருவியே சிக்கனமானது. சத்தமும் குறைவு. ஒன்றரைக் கிலோவாட் மோட்டார் அரைமணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்தான் செலவாகும். ஐந்து குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 1¼ முதல் 1½ லிட்டர் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரைமணி வேலைக்கு 60 முதல் 75 ரூபாய் ஆகும். வாரம் ஒருமுறை என்றால் மாதத்துக்கு 300 ரூபாய் வரை எரிபொருளுக்கே போகும்.

மின்சாரம் எட்டாத தோட்டம், வயல் ஓரம், அடிக்கடி வோல்டேஜ் குறையும் ஊர் ஆகிய இடங்களில் பெட்ரோல் கருவி கைகொடுக்கும். மின்சாரக் கருவியைவிட அதிக அழுத்தமும் நீரளவும் தரும் என்பதும் உண்மையே. இலவச மின்சாரம் பெறும் பம்புசெட் இணைப்பிலிருந்து இத்தகைய கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எஞ்சினும் பம்பும்

நான்கு ஸ்டிரோக் எஞ்சினையே தேர்ந்தெடுங்கள். இதற்கு ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டியதில்லை. ஆயில் குறைந்தால் தானாக நின்றுவிடும் அமைப்பு இருந்தால் மிக நல்லது.

பம்பு எஞ்சினுடன் இணைக்கப்படும் முறை இரண்டு. நேரடியாக இணைத்த பம்பு எஞ்சினின் வேகத்திலேயே, அதாவது நிமிடத்துக்கு 3,400 சுற்றுக்கு மேல் சுழலும். இது கைக்கு அடக்கமானது, விலையும் குறைவு. பெல்ட் மூலம் ஓடும் பம்பு அதைவிடக் குறைந்த வேகத்திலேயே சுழலும். இது கனமானது, விலை கூடியது. ஆனால் சூடும் தேய்மானமும் குறைவாதலால் நெடுநாள் உழைக்கும். வாரத்துக்கு அரைமணி வேலை உள்ளவர்களுக்கு நேரடி இணைப்பு போதும். அன்றாடம் ஓட்டுபவர்களுக்கும், குழுவாகச் சேர்ந்து வாங்குபவர்களுக்கும் பெல்ட் முறையே ஏற்றது.

பம்பின் தலைப்பாகம் பித்தளையால் ஆனதா, உள்ளே ஓடும் பிளஞ்சர்கள் செராமிக் உறை போட்டவையா என்றும் கேளுங்கள். அலுமினியத்தைவிடப் பித்தளை உப்புத் தண்ணீரைத் தாங்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இழுப்பில் கிளம்ப வேண்டும்.

2. கன்னின் விசையை விட்டதும் தண்ணீர் உடனே நிற்க வேண்டும். அழுத்தத்தைத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு சரியாக வேலை செய்தால், அப்போது எஞ்சின் திணறாமல் இலேசாக ஓடும்.

3. கன்னில் பூட்டு இருக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்றியமையாதது.

4. வெளிச்செல்லும் ஹோஸ் 10 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் எஞ்சினைத் தள்ளி வைத்து வேலை செய்யலாம்.

5. வாட்டர் சீல், ஓ-ரிங், வால்வு, நாசில் ஆகியவை உங்கள் ஊருக்கு அருகிலேயே கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். உதிரிபாகம் கிடைக்காத கருவி எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

6. எஞ்சினுக்கும் பம்புக்கும் தனித்தனியே உத்தரவாத காலம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாசிலின் நிறம்

பெரும்பாலான பிரஷர் வாஷர்களில் நாசில்கள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கும். சிவப்பு, தண்ணீரை ஒரே கோடாகப் பாய்ச்சும். மஞ்சள் 15 பாகை, பச்சை 25 பாகை, வெள்ளை 40 பாகை அகலத்துக்கு விசிறிபோல் விரிக்கும். கறுப்பு, சோப்பு நீர் தெளிப்பதற்கானது. வீட்டு வேலைக்குப் பச்சையும் வெள்ளையுமே போதும். சிவப்பு நாசிலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். எந்த இடமானாலும் இரண்டடி தூரத்தில் ஆரம்பித்து, தேவைக்கேற்ப மெல்ல நெருங்க வேண்டும்.

டிராக்டரைக் கழுவும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சக்கர பேரிங், ஆயில் சீல், ஏர் கிளீனர், டைனமோ, ஒயர் இணைப்புகள் ஆகியவற்றின்மேல் நேராகப் பீய்ச்சினால் தண்ணீர் உள்ளே புகும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கும். டயருக்கு மிக அருகில் பிடித்தால் ரப்பர் வெட்டுப்படும். கழுவி முடித்ததும் கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் கிரீஸ் அடியுங்கள். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர், மண் சுவர், நாட்டு ஓடு ஆகியவற்றின்மேல் இக்கருவியைக் காட்டவே கூடாது. சூரியசக்தி பம்புசெட்டின் தகடுகளைச் சாதாரணத் தண்ணீராலும் மென்மையான துணியாலுமே துடைக்க வேண்டும்.

மாடுகளை இதனால் குளிப்பாட்டக் கூடாது. கொட்டகையைக் கழுவும்போது மாடுகளை வெளியே கட்டிவிடுங்கள். கோமாரி போன்ற நோய் கண்ட கொட்டகையில் எடுத்தவுடன் பீய்ச்சினால் கிருமி திவலையோடு பரவும். முதலில் 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சலவை சோடா கலந்த கரைசலைத் தளமெங்கும் மெதுவாக ஊற்றி ஊறவிட்டு, கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி பின்னரே கழுவ வேண்டும்.

உயிருக்கு உரிய எச்சரிக்கை

பெருமக்களே, இதுவரை சொன்னவற்றில் எதை மறந்தாலும் இனிச் சொல்லும் மூன்றை மறக்க வேண்டாம்.

ஒன்று. நூறு கிலோ அழுத்தத்தில் வரும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். அதிக வலியும் முதலில் இராது. ஆனால் உள்ளே அழுக்குத் தண்ணீர் தசைகளுக்கிடையே பரவியிருக்கும். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். உடனே மருத்துவமனைக்குச் சென்று, "அழுத்தத் தண்ணீர் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். காலில் ஒட்டிய சேற்றைக் கழுவக் கன்னைத் திருப்பும் பழக்கம் அறவே கூடாது. கண்ணாடியும் மூடிய பூட்சும் அணிந்தே வேலை செய்ய வேண்டும்.

இரண்டு. பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறை, கிடங்கு, கொட்டகை ஆகியவற்றினுள் எஞ்சினை ஓட்டினால் தலைசுற்றி விழுந்து உயிரே போகலாம். எஞ்சின் எப்போதும் வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். ஹோஸ் மட்டும் உள்ளே செல்லட்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

மூன்று. மின்கம்பி, ஸ்டார்ட்டர் பெட்டி, சுவிட்சு, மோட்டார் ஆகியவற்றின் பக்கம் தண்ணீரைத் திருப்பக் கூடாது. கொட்டகையைக் கழுவும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பு

எஞ்சினைக் கிளப்பும் முன் தண்ணீரைத் திறந்து, கன்னை அழுத்தி, காற்று முழுவதும் வெளியேறும் வரை விடுங்கள். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. கன்னை மூடிய நிலையில் எஞ்சினை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால், உள்ளேயே சுற்றும் தண்ணீர் சூடேறிச் சீல்களைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, தண்ணீரை மூடி, கன்னை அழுத்தி ஹோஸில் உள்ள அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே கழற்ற வேண்டும்.

எஞ்சின் ஆயிலைக் கையேட்டில் கண்டபடி மாற்றுங்கள். பல எஞ்சின்களுக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டியிருக்கும். இப்போது கிடைக்கும் பெட்ரோல் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். எனவே சில வாரங்களுக்கு வேலையில்லை என்றால் பெட்ரோல் திருகை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுப் பிறகு வையுங்கள். டாங்கியில் மிஞ்சிய பெட்ரோலை எடுத்து மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

முடிவாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடைக்குப் போகும் முன் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போங்கள். அங்கே கிடைத்த லிட்டர் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் அடியில் கழுவ வேண்டிய பொருள்களையும் எழுதுங்கள். அந்தத் தாளுக்குப் பொருந்தும் கருவியை 450 கணக்கால் சோதித்து வாங்குங்கள். பொருந்தும் கருவி இல்லையென்றால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். துடைப்பமும் ஹோஸ் பைப்பும் நம் வீட்டில் இருக்கவே இருக்கின்றன.